ஓவர் ஸ்வீட்... உஷார் பாஸ்!

நாளைக்குக் கல்ச்சுரல்ஸ். லைட் மியூசிக்ல நீங்கதான் மெயின் வாய்ஸ். இன்னைக்குன்னு பார்த்து தொண்டை மக்கர் பண்ணுது. என்ன செய்வீங்க? கூடுவாஞ்சேரி பக்கம் ஏதாவது ஒரு நாட்டு மருந்துக் கடையில போய் நில்லுங்க. காய்ஞ்ச குச்சி ஒண்ணை நீட்டி, "வாயில அடக்கிக்கோ தம்பி, சாறு மெதுவா இறங்கட்டும்"பாங்க.

அதுதான் அதிமதுரம்! பார்க்கக் குச்சி, நிஜத்துல வேர். 'அதி'ன்னா ரொம்ப, 'மதுரம்'னா இனிப்பு. கிரேக்கப் பேருக்கு அர்த்தம் 'இனிப்பு வேர்'. சீனப் பேருக்கு 'இனிப்புப் புல்'. பேசி வெச்ச மாதிரி மூணு ஊர்லயும் ஒரே பட்டப்பேர்! காரணம், கிளிசிரைசின். சர்க்கரையைவிட 30 முதல் 50 மடங்கு இனிக்கிற சமாசாரம் அது.

சீன வைத்தியத்துல இந்த வேருக்கு நாட்டாமை அந்தஸ்து. கஷாயத்துல பல மூலிகைகள் சேரும்போது, அதுங்களுக்குள்ள சண்டை வராம பஞ்சாயத்து பண்றது இதுதான்னு நம்பறாங்க. பாட்டி வைத்தியம்னு நாமளும் ஒதுக்கிட முடியாது. ஆபரேஷனுக்கு முன்னாடி அதிமதுரத் தண்ணியில வாய் கொப்பளிச்சவங்களுக்குப் பிறகு தொண்டை வலி குறைஞ்சதா 2009-ல இந்திய டாக்டர்களோட ஆய்வு ஒண்ணு வெளியாச்சு.

அப்போ தினமும் மெல்லலாமா? 'மூலிகைதானே, சைடு எஃபெக்ட் கிடையாது'ங்கிற டயலாக் இங்கதான் அடிவாங்குது. நம்ம கிட்னியில கார்ட்டிசால் ஹார்மோனை அடக்கி வைக்கிற ஒரு என்சைம் உண்டு. கிளிசிரைசின் ஓவரா போனா அதை முடக்கிடும். உடம்புல உப்பு தேங்கும், பொட்டாசியம் வெளியேறும். பி.பி. எகிறும், கை கால் சோர்ந்துபோகும், இதயம் தாளம் தப்பும். அமெரிக்காவுல 54 வயசுக்காரர் ஒருத்தர் மூணு வாரமா தினமும் பாக்கெட் பாக்கெட்டா அதிமதுர மிட்டாய் சாப்பிட்டு, இதயம் நின்னு இறந்துட்டார். இது 2020-ல மருத்துவ இதழ்லயே வந்த கேஸ்.

இன்னொரு வில்லங்கம்... பிள்ளையாருக்குக் கண் வைப்போமே, குன்றிமணி, அந்தக் கொடியோட வேரும் இனிக்கும். அதிமதுரம்னு சொல்லி அதைக் கலக்கறதும் உண்டு. குன்றிமணி விதையோ கொடிய விஷம். அதனால நம்பிக்கையான கடையில மட்டும் வாங்குங்க.

பி.பி., இதயம், கிட்னி பிரச்னை இருக்கறவங்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காம தொடவே கூடாது. கேட்க ரொம்ப தூரம் அலைய வேண்டாம். கூடுவாஞ்சேரியில லோக்கல் ட்ரெயின் ஏறினா, தாம்பரத்துக்கு அடுத்து சானடோரியம் ஸ்டேஷன். 2005-ல திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அங்கதான் இருக்கு. அதோட அயோத்திதாச பண்டிதர் மருத்துவமனையில, எவ்வளவு, எத்தனை நாள்னு கேட்டுட்டு வந்துடலாம்.

மேடையில குரல் ஏறட்டும் ஃப்ரெண்ட்ஸ்... பி.பி. ஏற வேண்டாம்!