திரும்பி வரும் நாளில் எத்தனையாவது வாரம்?

கர்ப்பிணி ஒருவர் வெளிநாட்டுக்குக் கிளம்பினால் வீட்டில் டாக்டரிடம் யோசனை கேட்கிறார்கள், விமான நிறுவனத்தின் விதியைப் பார்க்கிறார்கள். இன்சூரன்ஸ் மட்டும் டிக்கெட்டோடு சேர்த்து அவசரத்தில் வாங்கப்படுகிறது. இந்தியாவில் விற்கப்படும் பெரும்பாலான வெளிநாட்டுப் பயண பாலிசிகளில், கர்ப்பம், பிரசவம், அவற்றால் வரும் சிகிச்சை ஆகியவை ‘விலக்குகள்’ பட்டியலில்தான் இருக்கின்றன. கையில் பாலிசி இருந்தும் மருத்துவமனை பில் முழுவதையும் குடும்பமே கட்ட நேர்வது இதனால்தான்.

விசாவுக்குப் போதும், பிரசவத்துக்குப் போதாது

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பாலிசியைக் காட்டினால் விசாவுக்கான அந்த நிபந்தனை நிறைவேறிவிடும். அந்தத் தொகைக்குள் பேறுகாலச் சிக்கல் அடங்குமா என்பது வேறு கேள்வி; அதற்கான பதில் பாலிசி ஆவணத்தில்தான் இருக்கும்.

சிகிச்சை கிடைப்பதும், அதற்குப் பணம் யார் தருவது என்பதும் தனித்தனி. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை, பணம் கட்டவில்லை என்பதற்காகப் பேறுகாலச் சிகிச்சையை மறுக்காது. ஆனால் இந்தியாவிலிருந்து சுற்றுலா போனவரிடம் வழக்கமான கட்டணத்தில் 150 சதவீதம் வசூலிக்கும். அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிரசவ வலியோடு அவசரப் பிரிவுக்கு வந்தவரை மருத்துவமனை திருப்பி அனுப்பக் கூடாது. அந்தச் சட்டம் சிகிச்சைக்கு வழி செய்கிறதே தவிர, கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதில்லை.

அலுவலக குரூப் இன்சூரன்ஸில் மகப்பேறு இருக்கிறதே என்று நம்பிப் போகவும் வேண்டாம். அந்த பாலிசிகள் பொதுவாக இந்தியாவுக்குள் எடுக்கும் சிகிச்சைக்கு மட்டுமே.

வாரக் கணக்கு

கர்ப்பச் சிக்கல்களை ஏற்கும் பாலிசிகளும் உண்டு. அவற்றில் பெரும்பாலும் ஒரு வார வரம்பு இருக்கும். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து வாரம் எண்ணப்படுகிறது. ஆரம்பகால ஸ்கேனுக்குப் பிறகு டாக்டர் அந்தக் கணக்கைத் திருத்தியும் இருக்கலாம். 22-ஆம் வாரத்தில் கிளம்பி ஆறு வாரம் தங்குபவர், திரும்பும்போது 28-ஆம் வாரத்தில் இருப்பார். பாலிசியின் வரம்பு 26 வாரம் என்றால் கடைசி இரண்டு வாரமும் அவருக்குக் காப்பீடு இல்லை. ஆகவே திரும்பும் தேதியை வைத்தே கணக்கிடுங்கள்.

பல விமான நிறுவனங்கள் 28-ஆம் வாரத்தை ஒட்டி டாக்டர் சான்றிதழ் கேட்கத் தொடங்கும். 36 வாரத்துக்குப் பிறகு, இரட்டைக் குழந்தை என்றால் 32 வாரத்துக்குப் பிறகு ஏற்றிக்கொள்வதில்லை. இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அந்தச் சான்றிதழ் விமானம் ஏறுவதற்கான அனுமதி மட்டுமே. அதைக் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் பணம் கேட்க முடியாது.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

1. எந்தெந்தச் சிக்கல்களுக்குப் பணம் உண்டு? சில பாலிசிகள் கருக்குழாயில் கரு தங்குவதை மட்டும் ஏற்கும். கருச்சிதைவு, ரத்தப்போக்கு, கர்ப்பகால ரத்தக்கொதிப்பு, குறைப்பிரசவம் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.
2. எத்தனையாவது வாரம் வரை? இரட்டைக் குழந்தைக்கும் ஐவிஎஃப் கர்ப்பத்துக்கும் தனி விதி உண்டா?
3. குழந்தை அங்கேயே பிறந்துவிட்டால் அதன் சிகிச்சைக்குப் பணம் உண்டா? தாயின் பாலிசி பொதுவாகக் குழந்தையைச் சேர்ப்பதில்லை. குறைமாதக் குழந்தைக்கு வாரக்கணக்கில் தீவிர சிகிச்சை தேவைப்படலாம்; மிகப் பெரிய பில் அதில்தான் வரும்.
4. கர்ப்பத்துக்கான உச்சவரம்புத் தொகை எவ்வளவு? மொத்தக் காப்பீட்டுத் தொகை பெரிதாக இருந்தாலும் இதற்கு மட்டும் சிறிய வரம்பு இருக்கலாம்.
5. பயணம் வேண்டாம் என்று டாக்டர் தடுத்தால் டிக்கெட் பணம் கிடைக்குமா?

ஏஜென்ட் வாய்மொழியாகச் சொல்வது போதாது. மின்னஞ்சலில் பதில் வாங்கி, பாலிசி வாசகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மறைக்காதீர்கள்

விண்ணப்பத்தில் கர்ப்பம், சுகர், பிரஷர், முந்தைய கருச்சிதைவு பற்றிக் கேட்டால் உண்மையை எழுதுங்கள். பிரீமியம் கூடுமே என்று மறைத்தால், க்ளெய்மை மறுக்க நிறுவனத்துக்கு நீங்களே காரணம் தருகிறீர்கள். பாலிசி வாங்கிய பிறகு கர்ப்பம் தெரியவந்தால், கிளம்பும் முன் நிறுவனத்துக்கு எழுதி, பாதுகாப்பு தொடர்கிறதா என்று கேளுங்கள்.

பயணத்தில் ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த வகை, மருந்துச் சீட்டு கையிலேயே இருக்கட்டும். பாலிசியில் உள்ள 24 மணி நேர உதவி எண் கணவரிடமும் இருக்கட்டும். மருத்துவமனையில் சேர்ந்தால் அந்த எண்ணுக்கு உடனே தகவல் சொல்லி, குறிப்பு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பில், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

க்ளெய்ம் மறுக்கப்பட்டால்

பாலிசியின் எந்த விதிப்படி மறுக்கிறோம் என்பதை நிறுவனம் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். ‘கர்ப்பம் என்பதால் இல்லை’ என்ற ஒற்றை வரியோடு விட்டுவிடாதீர்கள். விமான நிலையத்தில் வழுக்கி விழுந்து கை முறிந்தால் அது விபத்து. கர்ப்பிணி என்பதற்காக மட்டும் அதைப் பேறுகாலச் செலவாக்குவது சரியல்ல.

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் ‘பீமா பரோசா’ தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் பதிவு செய்யலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. அந்தத் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்தின் கதவும் திறந்திருக்கிறது. அங்கே காலக்கெடு இரண்டு ஆண்டு. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆணையத்தில் வழக்கு நடந்தால் ஆம்புட்ஸ்மேன் அதே புகாரை எடுக்க மாட்டார் என்பதால், செலவில்லாத ஆம்புட்ஸ்மேன் வழியை முதலில் பார்ப்பது நல்லது.

எந்த பாலிசியும் உங்கள் வாரத்துக்குப் பொருந்தவில்லை என்றால், பயணத்தை முன்கூட்டியோ பிரசவத்துக்குப் பிறகோ வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து குறைவாக இருப்பதால் 14 முதல் 28 வாரம் வரை பயணத்துக்கு ஏற்ற காலம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். எந்தத் தேதியாக இருந்தாலும், டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன்பே பாலிசியின் விலக்குப் பட்டியலை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.