ஹல்துமுல்லைக்கு மலையேறும் முன்னர்

சித்திரைப் புத்தாண்டு விடுமுறையும் அதனையடுத்து வெசாக் விடுமுறையும் வரும்போது, சமதரையின் வெப்பம் தாங்காத குடும்பங்கள் மலைநாட்டை நோக்கிப் புறப்படுவது எமது நாட்டில் நெடுநாளைய வழக்கம். அண்மைய ஆண்டுகளில் ஹஜ்ஜுப் பெருநாளும் மே, ஜூன் மாதங்களை ஒட்டி வருவதனால் முஸ்லிம் குடும்பங்களும் இக்காலத்திலேயே வேன் அமர்த்திக்கொண்டு மலையேறுகின்றன. பெரும்பாலோர் நினைப்பது நுவரெலியாவையே. அங்குள்ள ஏப்ரல் நெரிசலில் சலித்தவர்கள் ஊவாவின் தெற்கு விளிம்பான ஹல்துமுல்லை, ஹப்புத்தளைப் பக்கம் திரும்புகின்றனர். அவ்வாறு திரும்புவோர் பயணத்தை எவ்வாறு திட்டமிட வேண்டும் என்பது பற்றிச் சில விடயங்களைக் கூற விரும்புகின்றோம்.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, பெலிஹுல்ஓயா வழியாக வரும் ஏ4 வீதி, ஹல்துமுல்லையை அடையும்போது மத்திய மலைத்தொகுதியின் தெற்குச் சுவரில் ஒட்டிக்கொண்டு செல்கின்றது. வலப்புறத்தில் கீழே தாழ்நிலம் விரிகின்றது. இடப்புறத்தில் தலைக்கு மேலே 2,100 மீற்றர் உயரத்தில் ஹோட்டன் சமவெளி கிடக்கின்றது. நாட்டின் மிக உயரமான நீர்வீழ்ச்சியான பம்பரகந்தையும் (263 மீற்றர்), அதற்கடுத்ததான தியலுமவும் (220 மீற்றர்) இந்தச் சுவரிலிருந்தே விழுகின்றன. பெரகலையில் வீதி இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று சுமார் 1,430 மீற்றர் உயரத்திலுள்ள ஹப்புத்தளைக்கு ஏறுகின்றது. மற்றையது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கிக்கொண்டே செல்கின்றது. கதிர்காமத்தையும் சேர்த்துப் பார்க்க விரும்புவோர் இரண்டாவதையே பிடிக்கின்றனர்.

உயரமான மலைப்பிரதேசம் என்றவுடன் மூச்சுத் திணறலைப் பற்றி வினவுவோர் உளர். அந்த அச்சம் இங்கு தேவையற்றது. உயரத்தினால் உண்டாகும் நோய் பொதுவாக 2,500 மீற்றருக்கு மேலேயே தலைகாட்டுகின்றது. 3,500 மீற்றர் உயரத்திலுள்ள லடாக்கின் லே நகருக்குச் செல்வோர் முதல் ஓரிரு நாட்கள் ஓய்வெடுக்க வேண்டியிருக்கின்றது. எமது பிதுருதலாகலையின் உச்சியோ 2,524 மீற்றரே. குளிர் மட்டும் உண்டு. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும் என்பதனால், குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் கம்பளி ஆடை எடுத்துச் செல்வது போதுமானது. இம்மலைகளில் ஆபத்து காற்றில் இல்லை. மழையிலும் சரிவிலும் வீதியிலுமே இருக்கின்றது.

மழையை முதலில் பார்ப்போம். மார்ச், ஏப்ரல் மாதங்கள் இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம். காலையில் வானம் கழுவிவிட்டது போலிருக்கும். நிலம் சூடாகி ஈரக்காற்று சரிவில் மேலெழுந்து, பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர் இடியும் மின்னலுமாகக் கொட்டும். ஆகவே பார்க்க வேண்டியவற்றை முற்பகலில் பார்த்து முடிப்பதே அறிவுடைமை. ஹோட்டன் சமவெளியின் உலக முடிவையும், தம்பேதன்ன தோட்டத்துக்கு மேலுள்ள லிப்டன் ஆசனத்தையும் காலை ஒன்பது மணிக்குப் பின்னர் பனிமூட்டம் மறைத்துவிடுவது வழமை. நீர்வீழ்ச்சிகளில் குளிப்போர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். தாம் நிற்கும் இடத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மேலே மலையில் பெய்த மழை வெள்ளமாக வந்து சேரக்கூடும். நீர் கலங்கத் தொடங்கினால் உடனே கரையேறிவிட வேண்டும்.

மழையைவிட எம்மை அதிகம் கவலைகொள்ள வைப்பது வீதியே. 2025 மே 11ஆம் திகதி அதிகாலையில் கொத்மலை, கரண்டியெல்லயில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல-வெல்லவாய வீதியில், சுற்றுலா வந்த தங்காலை நகர சபை ஊழியர்கள் பயணித்த பஸ் பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் உயிரிழந்தனர். இரண்டும் வெளிச்சமில்லாத வேளையில் நிகழ்ந்தவை.

இறக்கத்தில் வண்டியைத் தடுக்கும்போது அதன் வேகம் முழுவதும் பிரேக்கில் வெப்பமாக மாறுகின்றது. மிதித்த காலை எடுக்காமலே மைல் கணக்கில் இறங்கினால் பிரேக் கட்டைகள் பிடிமானத்தை இழக்கின்றன. பிரேக் எண்ணெய் கொதித்துவிட்டால் மிதி வெறுமனே உள்ளே போகும். எரிந்த மணம் வருவது கடைசி எச்சரிக்கை. அப்போது வண்டியை ஓரம்கட்டி, நன்கு ஆறும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று மலையகச் சாரதிகள் கூறுவது இதனாலேயே. தாழ்ந்த கியரில் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். தன்னியக்கக் கியர் வண்டிகளிலும் அதற்கென எல் அல்லது பி என்னும் நிலை உண்டு. சமதரையில் மட்டும் ஓட்டிப் பழகியவர்கள் அதனைத் தொடுவதேயில்லை. வாடகைக்கு வேன் பேசும்போது குளிரூட்டி இருக்கின்றதா என்று கேட்பவர்கள், சாரதி இவ்வழியில் ஓட்டியவரா, பிரேக் எப்போது பார்க்கப்பட்டது என்றும் கேட்க வேண்டும். சாரதிக்குப் படுக்க இடம் ஒதுக்காமல், இரவில் வண்டிக்குள்ளேயே உறங்க விட்டுவிட்டு, மறுநாள் அதிகாலையில் எழுப்பி ஓட்டச் செய்யும் வழக்கம் எம்மவரிடையே உண்டு. இது பெரும் தவறு. பொழுது சாய்ந்த பின்னர் பெரகலையிலிருந்து எந்தப் பக்கமும் இறங்குவதில்லை என்று புறப்படும்போதே முடிவு செய்துகொள்வது நன்று.

கொஸ்லந்தைக்குச் செல்லும் வழியிலேயே மீரியபெத்தை இருக்கின்றது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயன் அறைகளை மூடிய இடம் அது. அங்கு குடியிருப்பது ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும், மக்களுக்குப் போக வேறு காணி இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியிலும் பதுளை மாவட்டம் பலத்த உயிரிழப்பைச் சந்தித்தது. மலையகப் புகையிரதப் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. புகையிரதத்தில் வர நினைப்போர் சேவை எதுவரை நடைபெறுகின்றது என்பதை நிலையத்தில் உறுதிப்படுத்திக்கொள்வது அவசியம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பும், 100 ஆனால் ஆயத்தமும், 150 ஆனால் வெளியேற்றமும் தேவை என்பது மண்சரிவுக்கான பொது அளவுகோல். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இப்பிரதேசச் செயலகப் பிரிவுக்கு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில் பயணத்தை ஒத்திவைப்பதால் இழப்பது தங்குமிட முற்பணம் மாத்திரமே. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117; அம்புலன்ஸ் சேவைக்கு 1990.

வேடிக்கை பார்க்கும் இந்த மலை வேறு சிலருடைய வீடு. கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அன்றைய நிறை அன்றைய சம்பளத்தோடு சம்பந்தப்பட்டது. அவர்களை நிறுத்தி வைத்துப் படம் பிடிப்பது அவர்களது நேரத்தை எடுத்துக்கொள்வதாகும். அனுமதி கேட்காமல் பிடிப்பது அதனிலும் கீழானது. வீதியோர நீரோடைகளில் சவர்க்காரம் போட்டுக் குளிப்பதையும் சமைத்த எச்சத்தைக் கொட்டுவதையும் தவிர்க்க வேண்டும். கீழேயுள்ள லயன்களுக்கு அதுவே குடிநீர். தொழுகைக்கும் ஹலால் உணவுக்கும் ஹப்புத்தளை, பண்டாரவளை நகரங்களில் வசதியுண்டு. லுஹர் தொழுகையையும் பகலுணவையும் நகரிலே முடித்துக்கொண்டால், பிற்பகல் மழை தொடங்கும்போது கூரைக்குக் கீழ் இருக்கலாம்.