கரைக்கு வராமல் போனவர்கள்

தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என்று ஏறக்குறைய 39,000 நீர்நிலைகள் அரசுக் கணக்கில் இருக்கின்றன. ராஜாக்கள் வெட்டியவை என்று பெருமை பேசுகிறோம். வெட்டியது யாராக இருந்தாலும், தலைமுறை தலைமுறையாகக் காத்தது ஊர்தான். 10ஆம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டிலேயே ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியம் இருக்கிறது.

அன்று, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்பது நீர்கட்டியின் கையில் இருந்தது. தென்மாவட்டங்களில் அவரை நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்பார்கள். அடைமழை இரவில் மண்வெட்டியோடு கரையைச் சுற்றி வருவார். எங்காவது நீர் கசிந்தால் ஊரை எழுப்புவார். தண்ணீர் குறைந்த வருஷம் முறை வைத்துப் பாய்ச்சுவார். எத்தனை ஏக்கர் வைத்திருப்பவரும் தன் முறை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். அறுவடையானதும் களத்திலேயே அவருக்கு நெல் அளந்தார்கள். கோடையில் ஊரே கூடி ஏரியைச் சீர்செய்யும் குடிமராமத்து. வாரியெடுத்த வண்டல் வயலுக்கு உரமானது, ஏரியும் ஆழமானது.

அதைப் பொற்காலம் என்று சொல்ல என்னால் முடியாது. வெள்ளத்தில் மூழ்கி மடையைத் திறந்தவர்கள் பல ஊர்களில் தலித்துகள். ஊர்ப் பொதுக்கிணற்றில் குடம் இறக்க அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. நிலமில்லாதவர் பேச்சு ஊர்க்கூட்டத்தில் எடுபடவும் இல்லை. ஆனாலும் ஒன்று உண்மை: பெரிய நிலக்காரருக்கும் ஏரியை விட்டால் வேறு கதி கிடையாது. அதனால் அவரும் கரைக்கு வந்தார்.

இன்று அவருக்கு போர்வெல் இருக்கிறது. தன் நிலத்தடி நீரை எடுத்துக்கொள்ளும் உரிமையை நிலக்காரருக்கு 1882ஆம் ஆண்டின் சட்டமே தந்துவிட்டது. மோட்டாரும் இலவச மின்சாரமும் அதற்குக் கை கொடுத்தன. வசதியுள்ளவர் முதலில் போர் போட்டார், ஏரிக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார். நீர்கட்டிக்கு நெல் அளப்பது நின்றது. வரத்துக்கால்வாய் தூர்ந்தது, சீமைக்கருவேலம் மண்டியது, பிறகு சவுடு அள்ள லாரிகள் இறங்கின. போர் போட முடியாத சிறு விவசாயி பக்கத்து வயல்காரரிடம் தண்ணீரை விலைக்கு வாங்குகிறார். சென்னையைச் சுற்றிய ஊர்களில் விவசாயக் கிணற்று நீர் டேங்கர் லாரியில் ஏறுகிறது. குடிக்கவோ 20 லிட்டர் கேன்.

பொதுச்சொத்தை ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்று 1968-ல் சூழலியலாளர் காரெட் ஹார்டின் எழுதினார். மக்கள் தாங்களே விதி வகுத்துக் காத்துவரும் பொதுச்சொத்துகளை உலகெங்கும் ஆராய்ந்து காட்டிய எலினோர் ஆஸ்ட்ரம் 2009-ல் நோபல் பரிசு பெற்றார். நம் ஏரிகள் ஆஸ்ட்ரம் பக்கம் நிற்கின்றன. பொதுவாக இருந்ததால் அவை கெடவில்லை. விலகிப்போக வசதி உள்ளவர்கள் விலகியதால் கெட்டன. விலகியும் அவர்கள் இறைப்பது பொதுநீரைத்தான். ஏரி நிறைந்தால்தானே சுற்றுவட்டாரத்து போரில் நீர் ஊறும்!

2017-ல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரை மீட்டது. தூர் வாரினார்கள், கரையைப் பலப்படுத்தினார்கள். அந்தக் கரையில் நடக்க ஆள் வேண்டாமா? நீர்கட்டிக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். ஏரி நீரோடு போர் நீரையும் ஊர்க்கணக்கில் சேருங்கள். அந்தக் கணக்கைப் பார்க்கும் கூட்டத்தில் தலித்துகளும் பெண்களும் நிலமில்லாதவர்களும் சம உரிமையோடு உட்காரட்டும். மோட்டார் வைத்திருப்பவரும் தன் முறைக்குக் காத்திருக்கும் ஊரில்தான் ஏரி பிழைக்கும்.