சைலன்சரை வெட்டுமுன்

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியில் ஸ்போர்ட்ஸ் காரைக் காண்பது அரிது. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி தொடங்கியது. விலையோ கைக்கு எட்டாது. ஸ்போர்ட்ஸ் காரின் உறுமலுக்கு மட்டும் பஞ்சமில்லை. பழைய சிவிக்கோ லான்சரோ பல்சரோ இருந்து, சைலன்சரை வெட்ட ஒரு கராஜும் இருந்தால் போதும்.

சைலன்சருக்குள் துளையிட்ட குழாய்களும் தடுப்புத் தட்டுகளும் இருக்கின்றன. என்ஜினிலிருந்து பாய்ந்து வரும் வாயு அவற்றில் மோதித் திரும்பித் திரும்பி ஓசை அடங்குகிறது. கராஜில் தட்டுகளை இடித்தெடுத்து நேர்க்குழாயை வெல்டிங் வைக்கிறார்கள். சத்தம் உடனே வரும். சிறிய என்ஜினில் வலு கூடினாலும், அது ஓட்டுபவருக்கே தெரியாது. போர்ஷே, ஃபெராரி நிறுவனங்கள் குழாய்க்குள் திறந்து மூடும் வால்வு வைத்து அந்த நாதத்தை உண்டாக்குகின்றன. அரிவாளால் வீணை செய்ய முடியாது.

10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகிறது. 85 டெசிபலை நாளுக்கு 8 மணிநேரம் கேட்கலாம். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான் என்பது தொழில்சார் சுகாதார அளவுகோல். முதலில் கெடுவது ஓட்டுபவரின் காதுதான்.

கடலோரத்தில் இன்னொரு வில்லங்கம் உண்டு. உப்புக்காற்று புது வெல்டிங்கைச் சீக்கிரம் அரித்துவிடும். கெட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கழற்றியிருந்தால், வாயுவில் கார்பன் மொனொக்சைட்டின் அளவு கூடும். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, வெல்டிங்கின் விரிசல் வழியாகக் கண்ணாடி ஏற்றிய காருக்குள் புகுந்தால் தலைவலியும் மயக்கமும் வரும், உயிரே போகலாம்.

“புகைப் பரிசோதனையில் பாஸ், பிறகென்ன?” என்பது வழக்கமான வாதம். அந்தச் சான்றிதழ் புகைக்கு மட்டும்தான். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் தனியாக இருக்கிறது. வாகனத்தின் அமைப்பை மாற்ற மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தோடு பஸ், ஓட்டோக்களின் மேலதிக அலங்காரங்களையும் இரைச்சல் சைலன்சர்களையும் பொலிஸார் தேடிப் பிடிக்கத் தொடங்கினார்கள். காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும்போதும் வில்லங்கமாகலாம்.

பிடிபட்டவருக்கும் உரிமை உண்டு. தண்டப்பணத் தாளில் என்ன குற்றம் எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பார்த்து, 14 நாட்களுக்குள் தபாலகத்தில் கட்டலாம். குற்றத்தை ஏற்காதவர் நீதவான் முன் வாதாடலாம். ரசீது இல்லாமல் காசு கேட்டால் இலஞ்ச ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

இந்தச் சத்தத்தால் தூக்கம் கெட்டவர்கள் பொலிஸாரை 119இல் அழைக்கலாம். வாகன இலக்கத்தையும் நேரத்தையும் குறித்து வைத்தால் முறைப்பாடு வலுவாக இருக்கும். தொல்லை தொடர்ந்தால், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி, பொதுத் தொல்லையை நீக்க நீதவான் கட்டளையிட முடியும். வெலிகமை ஒலிபெருக்கி வழக்கில் உயர் நீதிமன்றம் 2007இல் அளித்த தீர்ப்பும், விரும்பாதவர் காதில் ஓசையைத் திணிக்க முடியாது என்பதையே வலியுறுத்தியது.

ஏற்கெனவே வெட்டியவர்கள் கழற்றிய பழைய சைலன்சரை இரும்புக்காரரிடம் போடாமல், ஒயில் தடவி, இரு முனையையும் அடைத்து வைப்பது நல்லது. பொலிஸார் திரும்பப் பூட்டச் சொன்னால் புதிதாக வாங்கும் செலவாவது மிச்சமாகும்.