அப்பார்ட்மென்ட்டில் குலசாமிக்கு இடம் உண்டா? சாணிப் பிள்ளையார் சொல்லும் பதில்!

பீளமேடு என்றதும் ஏர்போர்ட், கல்லூரிகள், ஐ.டி அலுவலகங்கள், அவிநாசி ரோடு டிராஃபிக் என்றுதான் நினைவுக்கு வரும். ஆனால், ஊரின் பெயருக்குள்ளேயே ஒரு பூ ஒளிந்திருக்கிறது. பூளைச் செடி மண்டிக் கிடந்த மேடு 'பூளைமேடு'. அதுவே பேச்சில் பீளமேடு ஆனது என்பார்கள் ஊர்க்காரர்கள். மார்கழி கடைசி நாளில் கோவை மார்க்கெட்டுகளில் வெள்ளைப் பஞ்சு போல கட்டுக்கட்டாக வந்து இறங்குமே, அதே பூளைப்பூதான்!

அதோடு வேப்பிலையும் ஆவாரம்பூவும் சேர்த்து நிலைப்படியில் செருகினால் அது 'காப்பு'. வீடு, மாட்டுக்கொட்டகை, கிணறு, தோட்டம் என எல்லாவற்றுக்கும் காப்புக் கட்டுவது கொங்கு வழக்கம். இன்று அந்தப் பட்டியலில் பைக்கும் காரும் சேர்ந்துவிட்டன. ஐந்தாவது மாடி ஃப்ளாட்டின் இரும்பு கேட்டிலும் காப்பு தொங்குகிறது.

காப்பு லிஃப்ட் ஏறி வந்துவிட்டது. தோட்டத்து வேப்பமரத்தடியில் இருந்த சாமி என்ன ஆனது? நிலத்தை விற்றுவிட்டு நகரத்துக்கு வந்த பல கொங்குக் குடும்பங்களில் சத்தமில்லாமல் உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி இது.

வீட்டுக்குள் வராத சாமிகள்

ஒரு ஷெல்ஃபில் படத்தை மாட்டினால் முடிந்தது என்று தோன்றலாம். ஆனால், கருப்பராயன், முனியப்பன் போன்ற காவல் தெய்வங்களை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பது பல குடும்பங்களின் வழக்கம். அவர்களின் இடம் ஊர் எல்லை, வரப்பு, மரத்தடி. வரிசையாக ஏழு கல் நட்டால் கன்னிமார். ஒரு வேலைக் குத்தி வைத்தால் அது காவல் தெய்வத்தின் இடம். கூரையோ கதவோ பூட்டோ தேவையில்லை.

கல்லுக்குக் கீழே இருக்கும் மண்ணும் முக்கியம். பிழைப்புக்காக ஊர் விட்டுப் போனவர்கள் பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போய், புது இடத்தில் பீடம் போட்டுக் கும்பிடுவது தமிழ்நாடு முழுக்க உள்ள 'பிடிமண்' வழக்கம். இடம் மாறுவது நம் முன்னோர்களுக்குப் புதிதல்ல. சாமியை எப்படிக் கூட அழைத்துப் போவது என்பதற்கும் அவர்கள் வழி வைத்திருந்தார்கள்.

கட்டுவோம்... கரைப்போம்!

கொங்கு வழிபாட்டின் இன்னொரு சிறப்பு, தற்காலிகப் பீடங்கள். மாட்டுப்பொங்கல் அன்று தோட்டத்தில் நடக்கும் பட்டிப்பொங்கலைப் பாருங்கள். சாணத்தால் வரப்புக் கட்டி, தண்ணீர் ஊற்றி, சின்னதாக ஒரு தெப்பக்குளம் அமைப்பார்கள். பக்கத்தில் அருகம்புல் செருகிய சாணிப் பிள்ளையார். பொங்கல் வைத்துப் படைத்த பிறகு, அந்தத் தெப்பத்தை மாட்டை விட்டு மிதிக்கச் செய்வார்கள். காலையில் கட்டிய பீடம், மாலையில் மறுபடியும் மண்.

மாரியம்மன் நோன்பில் நடும் கம்பமும் இப்படித்தான். மூன்று கிளையாகப் பிரியும் மரத்தை அம்மன் முன்னால் நடுவார்கள். அது அம்மனின் கணவன் என்பது நம்பிக்கை. பெண்கள் தினமும் மஞ்சள் தண்ணீர் ஊற்ற, இரவில் இளைஞர்கள் சுற்றி ஆடுவார்கள். திருவிழா முடிந்ததும் கம்பத்தைப் பிடுங்கி நீரில் விட்டுவிடுவார்கள். கரூர் மாரியம்மன் கோயில் கம்பம் அமராவதி ஆற்றுக்குப் போவதைப் பார்க்கவே பெரும் கூட்டம் திரளும்.

புதுக் கவலை வந்தால் புதுப் பீடம் போடவும் கோவை தயங்கியதில்லை. 20-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிளேக் நோய் மக்களை வாரிக்கொண்டு போனபோது உருவானவள்தான் 'பிளேக் மாரியம்மன்'. இன்றும் கோவையில் அந்தப் பெயரில் கோயில்கள் இருக்கின்றன. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின் உச்சத்தில், பீளமேட்டிலிருந்து அதிக தூரமில்லாத இருகூர் காமாட்சிபுரி ஆதீனத்தில் 'கொரோனா தேவி'க்குக் கருங்கல் சிலை வைத்தார்கள். கிண்டல் செய்தவர்களும் உண்டு. ஆனால், மருந்துக்கும் ஆக்சிஜனுக்கும் அலைந்த நாட்களில், பயத்தை இறக்கிவைக்க மனிதர்களுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது.

ஐரோப்பாவிலும் ஒரு பூஜை மூலை

கிறிஸ்தவம் பரவுவதற்கு முந்தைய இயற்கை வழிபாடுகளை மீட்டெடுக்கும் முயற்சி மேலை நாடுகளில் 20-ம் நூற்றாண்டில் சூடுபிடித்தது. இங்கிலாந்தில் ஜெரால்டு கார்ட்னர் 1954-ல் எழுதிய புத்தகம் 'விக்கா' என்ற வழிபாட்டு முறையைப் பரவலாக அறிமுகம் செய்தது. ஐஸ்லாந்தில் பழைய நார்ஸ் தெய்வங்களை வணங்கும் அமைப்பு 1972-ல் தொடங்கப்பட்டது. இப்படிப்பட்டவர்களைப் பொதுவாக 'பேகன்' என்பார்கள். நாட்டுப்புறத்துக்காரன் என்று பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

இவர்களில் பெரும்பாலானோருக்குக் கோயில் கிடையாது. வீட்டில் ஒரு மேசை மூலைதான் பீடம். மண்ணுக்கு உப்போ கல்லோ, நீருக்கு ஒரு கிண்ணம், நெருப்புக்கு மெழுகுவத்தி, காற்றுக்கு ஊதுவத்தி. பருவம் மாறும்போது பீடத்தில் வைக்கும் இலையும் பூவும் பழமும் மாறும். நம் அப்பத்தா பார்த்தால், "இதைத்தானே நாங்களும் பண்ணுறோம்?" என்று கேட்டாலும் கேட்பார்!

ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அவர்களுக்குச் சங்கிலி அறுந்துவிட்டது. புத்தகங்களிலும் பழங்கதைகளிலும் தேடித்தேடி மறுபடி கோக்கிறார்கள். நமக்கோ, தெப்பக்குளத்துக்கு வரப்பு எப்படிக் கட்டுவது என்று தெரிந்த அம்மாயி பக்கத்து அறையில் டி.வி பார்த்துக்கொண்டிருக்கிறார். நாம்தான் கேட்பதில்லை.

இப்போதே செய்யக்கூடியவை

* நிலத்தை விற்கிறீர்களா? சாமி இருக்கும் இடத்தையும் அதற்குப் போகும் பாதையையும் தனியாக ஒதுக்கி, விற்பனைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதச் சொல்லுங்கள். வாய்மொழி உறுதி, நிலம் அடுத்தடுத்து கை மாறும்போது நிற்காது. வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

* ஃப்ளாட்டில் பட்டிப்பொங்கலா? ஒரு தாம்பாளம் போதும். கொஞ்சம் சாணமோ களிமண்ணோ எடுத்துக் குழந்தைகளையே வரப்புக் கட்டச் சொல்லுங்கள். முடிந்ததும் பூந்தொட்டியில் கரைத்துவிடலாம். மொட்டை மாடியில் பொங்கல் வைப்பதென்றால் அசோசியேஷனிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

* குலசாமி எங்கே இருக்கிறது? லொகேஷனை ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு வையுங்கள். எந்த மாதம், என்ன படையல், யார் யார் பங்காளிகள் என்பதைப் பெரியவர்களின் குரலிலேயே மொபைலில் பதிவு செய்யுங்கள்.

* வருடத்துக்கு ஒருமுறையாவது போங்கள். கல்லைச் சுற்றிப் புல் வெட்டி, தண்ணீர் ஊற்றி, விளக்கு வைக்க அரை நாள் போதும். ஆள் நடமாட்டம் இல்லாத சாமியைத்தான் லே-அவுட் கல் முதலில் விழுங்கும்.

சாணிப் பிள்ளையாரின் ஆயுள் ஒரு பகல்தான். ஆனாலும் எத்தனையோ தலைமுறைகளைத் தாண்டி வந்திருக்கிறார். ஒவ்வொரு தையிலும் யாரோ ஒருவர் கையில் சாணத்தைப் பிசைந்திருக்கிறார்கள், பக்கத்தில் ஒரு குழந்தை உட்கார்ந்து பார்த்திருக்கிறது. வருகிற தையில் உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் அந்த இடத்தைக் கொடுங்கள்.