நெஞ்சு நோவும் நீலக் குளிசையும்

நெஞ்சு நோவென்று அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் ஆணின் நாக்குக்குக் கீழே ஜி.டி.என். குளிசை வைப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். "ஐயா, இந்த இரண்டு நாளுக்குள்ள ஆண்மைக் குறைவுக்கு ஏதும் குளிசை போட்டனீங்களோ?" பக்கத்தில் மகன் நிற்பான், மருமகள் நிற்பாள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நாலு பேர் மதிக்க வாழ்ந்த மனிதர் "இல்லை டொக்டர்" என்று சொல்லிவிடக் கூடும். நான் பயப்படுவது அந்தப் பதிலுக்குத்தான்.

சில்டெனாஃபில் முதலில் நெஞ்சு நோவுக்கென்றே ஆராயப்பட்ட மருந்து. இங்கிலாந்தின் சான்ட்விச் நகரில் ஃபைசர் ஆய்வாளர்கள் உருவாக்கிய அதற்கு, 1998 மார்ச்சில் அமெரிக்கா 'வயாகரா' என்ற பெயரில் ஆண்மைக் குறைவுக்கான மருந்தாக அனுமதி கொடுத்தது. இரத்தக் குழாயைத் தளர்த்தும் சைக்கிளிக் ஜி.எம்.பி. என்ற பொருளை அது சிதைய விடாது. நெஞ்சு நோவுக்குக் கொடுக்கும் நைட்ரேட் மருந்துகள் அதே பொருளை மேலும் மேலும் உருவாக வைக்கும். இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் சடாரென்று விழும். ஏற்கெனவே அடைப்புள்ள இதயத்துக்கு இரத்தம் போதாமல் போகும்.

ஆகவே முதலில் கிளினிக் கொப்பியைப் பாருங்கள். ஜி.டி.என்., ஐசோசோர்பைட் மொனோநைட்ரேட், டைநைட்ரேட் என்று நைட்ரேட் மருந்து ஏதும் எழுதியிருந்தால் இந்தக் குளிசைகள் உங்களுக்கு இல்லை. பாதிக் குளிசையும் இல்லை. சில்டெனாஃபில் போட்டவருக்கு 24 மணி நேரத்துக்கு நைட்ரேட் கொடுப்பதில்லை. அதே வகை மருந்தான டடாலாஃபிலுக்கு 48 மணி நேரம். வெள்ளி இரவு பத்து மணிக்கு டடாலாஃபில் போட்டவருக்கு ஞாயிறு காலைப் பூசையில் நெஞ்சை அடைத்தால், அந்த மருந்து இன்னும் உடம்பில் இருக்கிறது. அவருக்கோ அது முடிந்துபோன கதை.

பிரஷருக்குக் கொடுக்கும் பிரசோசின், புரஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசின் போன்றவற்றோடும் கவனம் வேண்டும். எழும்பி நிற்கும்போது தலை சுற்றி விழலாம். பூஞ்சண நோய்க்கான இட்ராகொனசோல், கிருமிக்கு எதிரான கிளாரித்ரோமைசின் ஆகியவை சில்டெனாஃபில் சிதைந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். அப்படிப்பட்டவருக்கு வைத்தியர் 25 மில்லிகிராமில் தொடங்குவார். மற்றப் பெரும்பாலான பிரஷர் குளிசைகளோடு, வைத்தியர் பார்த்துக் கொடுத்தால், இதைப் போடலாம். வீணாகப் பயந்து வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்ளவும் வேண்டாம்.

லண்டனிலிருந்து வரும் உறவினர் கொண்டுவரும் பெட்டி தனிக்கதை. அங்கே 2018 முதல் 50 மில்லிகிராம் சில்டெனாஃபிலை வைத்தியரின் துண்டு இல்லாமலே வாங்கலாம். ஆனால் இதய நோய் உண்டா, வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று பாமசிஸ்ட் விசாரித்துத்தான் கொடுப்பார். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொன்னவர் லண்டன் மச்சான். குளிசையை விழுங்குகிறவர் கொழும்பு மச்சான்.

இரகசியமாகக் கைமாறும் 'மூலிகை' வில்லைகள் இதைவிட ஆபத்தானவை. சிங்கப்பூரில் 2008ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களுக்குள், நீரிழிவே இல்லாத 150 பேர் இரத்தச் சீனி கடுமையாக இறங்கி ஆஸ்பத்திரிகளுக்கு வந்தார்கள். அவர்களில் பலர் விழுங்கிய போலி ஆண்மைக் குளிசைகளிலும் மூலிகை வில்லைகளிலும் கிளிபென்கிளமைட் கலந்திருந்தது. நம்மவர்கள் சீனி வருத்தத்துக்கு எடுக்கும் அதே மருந்துதான். ஏழு பேர் நினைவு திரும்பாமல் கிடந்தார்கள்; அவர்களில் நான்கு பேர் இறந்துபோனார்கள்.

வைத்தியரிடம் வெளிப்படையாகப் பேசச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆணுறுப்பின் இரத்தக் குழாய்கள் இதயத்தினுடையவற்றைவிடச் சிறியவை. அடைப்பு பலருக்கு அங்கேதான் முதலில் தெரியவரும். நெஞ்சு நோவு வருவது சில வருடங்கள் கழித்துத்தான். சீனி வருத்தமும் பிரஷரும் புகைத்தலும் உள்ளவர் தன் ஆண்மைக் குறைவைச் சொன்னால், வைத்தியர் இதயத்தையும் சோதிப்பார். யாருக்கும் தெரியாமல் வாங்கிப் போட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

குளிசை போட்ட பின் நெஞ்சு நொந்தால் வீட்டிலுள்ள ஜி.டி.என்.-ஐத் தொடாமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். திடீரெனப் பார்வை மங்கினாலோ, விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன குளிசை, எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதை மனைவியிடம் சொல்லி வையுங்கள். நீங்கள் பேச முடியாத நேரத்தில் டொக்டருக்கு அதைச் சொல்ல வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.