அடுக்களைச் சாக்கடை ஏன் நாறுகிறது?

திருவண்ணாமலை மாவட்டத்துச் சேத்துப்பட்டு, ஆரணிப் பக்கத்தில் நெல்லும் அரிசியும் பெரும் வியாபாரம். புழுங்கல் அரிசிக்காக அந்தக் காலத்தில் நெல்லைத் தொட்டியில் இரண்டு மூன்று நாள் ஊறவைப்பார்கள். அந்த ஊறல் நீரைத் திறந்துவிட்டால் தெருவே மூக்கைப் பொத்திக்கொள்ளும். பிறகு, மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் ஒரு வெந்நீர் முறையை வகுத்தது. ஏறத்தாழ 70 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் மூன்று, நான்கு மணி நேரம் ஊறினாலே போதும். நெல் அதே நெல்தான். நாற்றம் மட்டும் பெரிதும் குறைந்துவிட்டது. நுண்ணுயிர்களுக்கு வேலை செய்ய நேரமும் கிடைக்கவில்லை, அந்தச் சூடும் ஒத்துக்கொள்ளவில்லை.

உங்கள் வீட்டுப் புறக்கடைச் சாக்கடையில் நடப்பதும் இந்த ஊறல்தான். அரிசி களைந்த நீர், வடிகஞ்சி, பருப்புத் துணுக்கு, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் அதில் சேருகின்றன. தறி உள்ள வீடானால் பாவுக்குப் போட்ட கஞ்சியின் மிச்சமும் சேரும். இவை ஓடிக்கொண்டிருக்கும்வரை நாறுவதில்லை. தேங்கினால்தான் தொல்லை.

ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் ஏழெட்டு மில்லிகிராம்தான். கஞ்சி கலந்த நீரை முழுவதும் சிதைக்க நுண்ணுயிர்களுக்குப் பல நூறு மில்லிகிராம் வேண்டும். ஆகவே இருப்பு சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது. அதன்பின் ஆக்சிஜன் இல்லாமலே வாழும் பாக்டீரியாக்கள் தலையெடுக்கின்றன. இவற்றில் சில, கஞ்சியைப் புளித்த வாடையுள்ள அமிலங்களாக மாற்றுகின்றன. வேறு சில, பருப்பு, முட்டை, மீன் ஆகியவற்றின் புரதத்திலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு என்னும் அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவை உண்டாக்குகின்றன. சலவைத் தூளில் உள்ள சல்பேட்டும் இந்த வாயுவாக மாறக்கூடும். சுத்தம் செய்யக் கொட்டிய தூளே நாற்றத்துக்குத் தீனியாகிறது, பாருங்கள்!

சாக்கடையின் அடிச்சேற்றை ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். கறுப்பாக இருந்தால், அந்த வாயு இரும்புடன் சேர்ந்து இரும்பு சல்பைடாகியிருக்கிறது என்று கொள்ளலாம். அந்தச் சேற்றை வெளியே பரப்பி வைத்தால், காற்றுப்பட்டு நாளடைவில் கறுப்பு மங்கிப் பழுப்பாகும்.

பினாயிலை ஊற்றினால் ஒருநாள் வாடை மறையும்; சேறு அங்கேயேதான் இருக்கும். முதலில் அதை வழித்தெடுங்கள். பாத்திரத்தில் ஒட்டிய சோற்றை வழித்துக் குப்பையில் போட்டுவிட்டு விளக்குங்கள். வாய்க்காலின் வாயில் ஒரு சல்லடையும் வையுங்கள். தரை தட்டையாக இருந்தால் கொஞ்சத் தண்ணீர் அகலப் பரவி மெதுவாக நகரும், கசடு படியும். அடி அரைவட்டமாக, வழவழப்பாக, 40 அடிக்கு ஒரு அடி சரிவாக இருந்தால் அதே தண்ணீர் கசடையும் இழுத்துக்கொண்டு போகும். கொத்தனாரிடம் இதை வற்புறுத்திச் சொல்லுங்கள். பெரும்பாலான வீடுகளில் கோளாறு இங்கேதான்.

வாய்க்கால் மூடிய குழாயில் சேருமிடத்தில் ‘டிராப்’ என்னும் வளைவு வேண்டும். அதில் எப்போதும் நிற்கும் இரண்டு அங்குல நீர், வாயு மேலே வராமல் தடுக்கிறது. ஊருக்குப் போய்த் திரும்பியதும் வீடு நாறினால் அந்த நீர் வற்றிவிட்டது என்று பொருள். ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும்.

தோட்டம் இருந்தால் இந்த நீரை வாழைக்குப் பாய்ச்சலாம். உறிஞ்சு குழி தோண்டுவதானால் கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளித் தோண்டுங்கள்.

பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள். குளோரின் என்னும் நச்சுவாயு கிளம்பும்.

ஹைட்ரஜன் சல்பைடு காற்றின் நூறு கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் பத்து லட்சத்தில் நூறு பங்கை எட்டினால் மூக்கு மரத்துப்போகிறது. நாற்றம் நின்றுவிட்டதாகத் தோன்றும். இன்னும் மிகுந்தால் சில மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். மூடிய கழிவுத் தொட்டிகளில் இறங்கியவர்கள் இறந்துபோவதும், தூக்கப்போனவர் அடுத்துச் சாய்வதும் இதனால்தான். பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. உங்கள் வீட்டுத் தொட்டி அடைத்துக்கொண்டால் உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். நீங்களும் இறங்காதீர்கள், வேறு யாரையும் இறக்காதீர்கள்.